பேரறிஞரின் கூற்றும் நான்கு ஐம்மடிகளும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எண்களைப் பற்றிய பொழிவு என்றவுடன் பின்வரிசையில் அமர்ந்திருப்போருள் சிலர் மெல்ல எழுந்து செல்ல எண்ணக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள்வாராக. இங்குச் சொல்லப்படுவதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்திருந்தால் போதும். கதையோ கல்லாதாரும் சுவைத்துக் கேட்கத் தக்கது. உலகம் போற்றிய பேரறிஞர் ஒருவர் சான்று காட்டாமல் ஒரு கூற்றைச் சொல்லிச் சென்றார். அக்கூற்று ஏறத்தாழ இருநூறாண்டு அசையாமல் நின்றது. பின்னர் ஒருநாள் இரண்டே சொற்றொடர்களில் சரிந்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அச்சொல் 'மடி' என்பது. மடங்கு வேறு, மடி வேறு. ஐந்தின் மும்மடங்கு 15. ஐந்தின் மும்மடி 125. மடங்கு என்பது கூட்டலின் வளர்ச்சி. மடி என்பது பெருக்கலின் வளர்ச்சி. ஒரு துணியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு. இரண்டாம் முறை மடித்தால் நான்கு. மூன்றாம் முறை எட்டு. பத்தாம் முறை மடிக்க முடிந்தால் 1024. இரண்டின் மும்மடி எட்டு என்பதையும், இரண்டின் பதின்மடி 1024 என்பதையும் மடித்த துணியே சொல்லிவிடுகின்றது. துணிமடிப்பவள் கையிலேயே இப்பெயர் இருக்க, வேறு சொல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. எழுதுங்கால் எண்ணின் தலைமேல் சிறிய இலக்கம் இட்டு 5³ என்று குறிப்பர். 5³ = 5 × 5 × 5. அவ்வளவே.

இனிச் சிக்கலுக்கு வருவோர் முதற்கண் காண்பது பழைய செங்கோண முக்கோணத்தை. 3² + 4² = 5²; அஃதாவது ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. இரண்டு இருமடிகள் கூடி மற்றோர் இருமடியாகின்றன. இத்தகைய மூவெண்களுக்கு முடிவே இல்லை. அப்படியாயின் இரண்டு மும்மடிகள் கூடி ஒரு மும்மடியாகுமா? ஆகாது என்றார் பெர்மா என்னும் பிரெஞ்சு நாட்டார். அவர் தொழிலால் வழக்குமன்ற அலுவலர். கணக்கு அவருக்கு ஓய்வுநேர இன்பம். பழங்கிரேக்க அறிஞர் தயபாந்தசின் நூலைப் படிக்குங்கால், 1637 அளவில், அதன் ஓரத்தில் எழுதிவைத்தார்: மும்மடியை இரண்டு மும்மடிகளாகவோ, நான்மடியை இரண்டு நான்மடிகளாகவோ, அதற்கு மேற்பட்ட எந்த மடியையும் அவ்வாறோ பிரிக்கவியலாது, அதற்கு வியத்தகு மெய்ப்பு உண்டு, ஓரத்தில் இடம் போதவில்லை என்று. அவர் மறைந்த பின், 1670-இல், அவர் மகன் அக்குறிப்பை அச்சிட்டு வெளியிட்டார். அதனை மெய்ப்பிக்க உலகம் 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேயரான ஆண்ட்ரூ வைல்சு 1993-இல் கேம்பிரிட்சில் அறிவித்த மெய்ப்பில் ஓர் ஓட்டை காணப்பட்டு, இரிச்சர்டு டெய்லரின் துணையோடு மறு ஆண்டு அஃது அடைக்கப்பட்டது. அக்கதை பெரிது, இன்றைய பொழிவு அதன் உடன்பிறப்பைப் பற்றியது.

இரண்டு மும்மடிகள் போதா, மூன்று போதுமா? போதும். 3³ + 4³ + 5³ = 6³. இருபத்தேழும் அறுபத்து நான்கும் நூற்றிருபத்தைந்தும் கூடினால் இருநூற்றுப் பதினாறு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எண்கள் வரிசையாகவே நிற்கும் அழகைப் பாருங்கள். மூன்றும் நான்கும் ஐந்தைத் தந்தன. மூன்றும் நான்கும் ஐந்தும் ஆறைத் தந்தன. அடுத்து 3⁴ + 4⁴ + 5⁴ + 6⁴ என்பது 7⁴ ஆக வேண்டுமென்று உள்ளம் துடிக்கும். கூட்டிப் பார்த்தால் 2258 வரும்; ஏழின் நான்மடியோ 2401. கண்ணுக்கினிய ஒழுங்கெல்லாம் உண்மையாக வேண்டும் என்னும் கடப்பாடு எண்களுக்கு இல்லை.

இம்மும்மடிகளோடு குடந்தையில் வளர்ந்த இராமானுசனுக்குத் தொடர்புண்டு. 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு வினாவை விடுத்தார். 3, 4, 5, 6 என்னும் நான்கையும் தலையெண்களாகக் கொண்ட ஒரு வாய்பாடு அது. அதிலே விருப்பமான இரண்டு எண்களை இட்டால், மூன்று மும்மடிகள் ஒரு மும்மடியாகும் புதிய புதிய கூட்டுகள் வந்துகொண்டேயிருக்கும். 2, 1 என்று இட்டுப் பார்த்தால் 7³ + 14³ + 17³ = 20³ வரும். 343, 2744, 4913, கூட்டினால் 8000. பெர்மாவின் கூற்றை ஒன்றே ஒன்றால் தவறவிடும் கூட்டுகளும் அவர் எழுதிவைத்த தாள்களில் உள்ளன: 9³ + 10³ = 12³ + 1; 135³ + 138³ = 172³ − 1. இவற்றுள் முதலாவதுதான் எல்லாரும் கேட்டிருக்கும் 1729. நோயுற்றிருந்த இராமானுசனைக் காண ஆர்டி என்னும் ஆங்கில அறிஞர் அவ்வெண் கொண்ட வாடகை வண்டியில் வந்ததும், இரண்டு மும்மடிகளின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவென்று இராமானுசன் உடனே சொன்னதும் பலரும் அறிந்தவை. அதன் தொடர்ச்சியைச் சொல்வோர்தாம் குறைவு. 'நான்மடிகளில் இத்தகைய எண் யாது?' என்று ஆர்டி கேட்டார். இராமானுசன் சற்று எண்ணிப் பார்த்து, வெளிப்படையாக எதுவும் புலப்படவில்லை என்றும், அது மிகப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்றும் கூறினார். அந்த எண் 63,53,18,657. அதனை 59⁴ + 158⁴ என்றும் 133⁴ + 134⁴ என்றும் எழுதலாம். அதனை முன்பே கண்டு வைத்தவர் இப்பொழிவின் தலைவரான ஆய்லரே.

ஆய்லர் 1707-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரிற் பிறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை உருசியாவின் பீட்டர்சுபர்க்கிலும் பெர்லினிலும் கழித்தார். 1783-இல் பீட்டர்சுபர்க்கில் மறைந்தார். இளமையிலேயே வலக்கண் ஒளி குன்றியது. முதுமையில் இடக்கண்ணும் போயிற்று. பிறகும் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்களும் கட்டுரைகளும் பெருகினவேயன்றிக் குறையவில்லை. கணக்கில் அவர் கை படாத துறை இல்லை. அத்தகையவர் 1769-இல் ஒரு கூற்றை எழுதினார். இரண்டு மும்மடிகள் ஒரு மும்மடியாகா. குறைந்தது மூன்று வேண்டும். அதைப் போன்றே மூன்று நான்மடிகள் ஒரு நான்மடியாகா. குறைந்தது நான்கு வேண்டும். நான்கு ஐம்மடிகள் ஓர் ஐம்மடியாகா. குறைந்தது ஐந்து வேண்டும். மேலுள்ள மடிகளுக்கும் இவ்வாறே. அப்படி நான்கு நான்மடிகள் கூடி ஒரு நான்மடியாகும் எடுத்துக்காட்டை அதுவரை யாரும் காட்டவில்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இக்கூற்றுக்கு அவர் மெய்ப்பு எதுவும் தரவில்லை. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. ஆகவே நான்குக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து என்னும் படிக்கட்டின் ஒழுங்கே அதற்குப் பிடிப்பு.

அக்கூற்று ஆய்லரின் பெயரால் நின்றது. காலம் செல்லச் செல்ல அதற்கு ஆதரவும் கூடியது. 1911-இல் நோரி என்பவர் நான்கு நான்மடிகளைக் கண்டார்: 30⁴ + 120⁴ + 272⁴ + 315⁴ = 353⁴. ஆய்லர் 'இருக்க வேண்டும், இன்னும் காணப்படவில்லை' என்ற பொருள் நூற்று நாற்பத்திரண்டு ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது. ஐம்மடியில் ஐந்து உறுப்புகள் கொண்ட கூட்டுகளை வரம்பின்றித் தரும் வாய்பாட்டை 1934-இல் சாத்திரி என்னும் இந்தியர் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார்; அதன் வழியே வருவது 7⁵ + 43⁵ + 57⁵ + 80⁵ + 100⁵ = 107⁵. இவ்விரண்டும் ஆய்லர் சொன்னதன் ஒரு பாதியைத்தான் நிறுவின. ஐந்து இருந்தால் முடியும் என்பது காட்டப்பட்டது. நான்கு இருந்தால் முடியாது என்பதற்கு யாரும் எதுவும் காட்டவில்லை. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி நிறைவடைந்தனர்.

இங்குச் சற்றே நின்று, ஆய்லரின் கூற்றுக்கு அடுத்த ஆண்டிலேயே எழுந்த மற்றொரு கூற்றைப் பார்ப்பது நன்று. 1770-இல் வாரிங்கு என்னும் கேம்பிரிட்சுப் பேராசிரியர், எந்த முழுவெண்ணையும் நான்கு இருமடிகளின், அல்லது ஒன்பது மும்மடிகளின், அல்லது பத்தொன்பது நான்மடிகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்று எழுதினார். 79-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 81 அதற்குள் அடங்காது, நான்கு பதினாறுகளும் பதினைந்து ஒன்றுகளும் வேண்டும், ஆகப் பத்தொன்பது. அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் வேண்டா என்பதே வாரிங்கின் துணிபு. அவரும் மெய்ப்பு தரவில்லை. ஆய்லரின் உயரத்தில் வைத்து எண்ணத்தக்கவரும் அல்லர் அவர். ஆயினும் அவர் கூற்று நின்றது. இருமடிகளை அதே ஆண்டில் இலக்ராஞ்சு மெய்ப்பித்தார். எந்த மடிக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை 1909-இல் இல்பெர்ட்டு என்னும் செருமானியர் நிறுவினார். ஒவ்வொரு மடிக்கும் எத்தனை உறுப்புகள் என்பதைத் துல்லியமாகக் கணிப்பதில் முன்னின்றவர் தமிழர்: குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த சு. சி. பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த நாளில், உயர்மடிகள் பலவற்றுக்கு விடை தரும் வாய்பாட்டை 1936 அளவில் அவர் நிறுவினார். அமெரிக்கரான திக்குசனும் தனித்து அதே முடிவுக்கு வந்தார். ஆறாம் மடிக்கு 73 உறுப்புகள் போதும் என்பதை 1940-இல் பிள்ளை மெய்ப்பித்தார். அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அவர், 1950 ஆகத்து 31-இல் கெய்ரோவுக்கருகே நேர்ந்த வானூர்தி விபத்தில் மறைந்தார். நான்மடிகளுக்குப் பத்தொன்பது போதும் என்பது 1986-இல்தான் முடிந்தது. முடித்த மூவருள் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான இரா. பாலசுப்பிரமணியன். ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு கூற்றுகள். இரண்டுக்கும் அன்று மெய்ப்பில்லை. சிறியவர் சொன்னது நிலைத்தது. பெரியவர் சொன்னது என்னவாயிற்று என்பதை இனிக் கேளுங்கள்.

'இல்லை' என்று சொல்வதற்கும் 'காணவில்லை' என்று சொல்வதற்கும் இடையே கடல் உண்டு. ஊரில் திருடனே இல்லை என்று நிறுவ வேண்டுமானால் ஒவ்வொருவரையும் ஆராய்ந்தாக வேண்டும். எண்களோ முடிவற்ற ஊர். அக்கூற்றைக் கவிழ்க்க ஒரே ஒரு திருடன் பிடிபட்டால் போதும். ஆய்லரின் கூற்றைக் கவிழ்க்க நான்கு ஐம்மடிகள் வேண்டும். அல்லது மூன்று நான்மடிகள். மார்கன் வார்டு என்னும் அமெரிக்கர் 1948-இல் மூன்று நான்மடிகளைத் தேடினார்; கூட்டுத்தொகை 10,000-இன் நான்மடி வரை எதுவும் இல்லை என்று காட்டினார். ஆய்லரின் பெயர் மேலும் சற்று உயர்ந்தது.

பின்னர் 1966 வந்தது. இலாண்டர், பார்க்கின் என்னும் அமெரிக்கர் இருவர், அக்காலத்தில் உலகிலேயே மிக விரைவானதாகிய சி.டி.சி. 6600 என்னும் கணிப்பொறியில் ஐம்மடிகளைத் தேடவிட்டனர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் வந்த அவர்தம் கட்டுரையின் உடற்பகுதி இரண்டே சொற்றொடர்கள். பொறியில் நேரடியாகத் தேடியதில் இக்கூட்டு கிடைத்தது, நான்கு ஐம்மடிகள் ஓர் ஐம்மடியாகும் மிகச் சிறிய கூட்டு இதுவே என்பது முதற்றொடர். இஃது ஆய்லரின் கூற்றுக்கு மறுப்பு என்பது இரண்டாந்தொடர். கூட்டு இது:

27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵

கணிப்பொறி சொன்னதை அப்படியே நம்ப வேண்டா. பேரறிஞர் சொன்னதை நம்பியே இவ்வளவு காலம் போயிற்று. தாளும் எழுதுகோலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். 27-இன் ஐம்மடி 1,43,48,907. 84-இன் ஐம்மடி 4,18,21,19,424. 110-இன் ஐம்மடி 16,10,51,00,000. 133-இன் ஐம்மடி 41,61,57,95,893. நான்கையும் கூட்டினால் 61,91,73,64,224. இனி 144-ஐ ஐம்மடியாக்கிப் பாருங்கள். அதே எண் வரும். உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒரு மாலைப் பொழுதில் சரிபார்க்கத் தக்க கணக்கு. அதனை இருநூறாண்டாக யாரும் காணவில்லை. நூற்று நாற்பத்து நான்கு என்பது எட்டாத உயரத்து எண்ணும் அன்று, பன்னிரண்டு பன்னிரண்டு.

பெருக்கும் பொறுமை இல்லாதவர்க்கு வேறு இரண்டு சல்லடைகள் உள. முதலாவது, எந்த எண்ணின் ஐம்மடியும் அந்த எண்ணின் கடைசி இலக்கத்திலேயே முடியும். 2-இன் ஐம்மடி 32. 3-இன் ஐம்மடி 243. 7-இன் ஐம்மடி 16,807. ஆகவே 27, 84, 110, 133 ஆகியவற்றின் கடைசி இலக்கங்களைக் கூட்டினால் போதும்: 7, 4, 0, 3 கூடிப் பதினான்கு. பதினான்கு நான்கில் முடிகின்றது. 144-உம் நான்கில் முடிகின்றது.

இரண்டாவது சல்லடை இன்னும் கூரியது. எந்த ஐம்மடியையும் பதினொன்றால் வகுத்தால், மீதி வருவது சுழியோ, ஒன்றோ, பத்தோதான். வேறு எதுவும் வாராது. பத்து மீதி என்பது ஒன்று குறைவு என்பதற்கு ஈடு. 32 என்பது 33-க்கு ஒன்று குறைவு. 243 என்பது 242-க்கு ஒன்று மிகுதி. நான்கு ஐம்மடிகள் கூடி ஐந்தாவதாக வேண்டுமாயின், இவ்வைந்தின் மிகுதி குறைவுகள் ஒன்றையொன்று தின்று தீர வேண்டும். ஐந்தும் ஒவ்வொன்றாக மிகுந்தோ குறைந்தோ நின்றால், ஐந்து ஒற்றைப்படை ஆகலின், ஒருபோதும் தீரா. ஆதலால் ஐந்தில் ஒன்றேனும் பதினொன்றால் மிச்சமின்றி வகுபட்டே ஆக வேண்டும். இலாண்டரும் பார்க்கினும் கண்ட கூட்டில் 110 அப்படி நிற்கின்றது. 1996-இல் கிடைத்த இரண்டாவது கூட்டில் ஓர் உறுப்பு கழித்தற்குறியோடு 220; 2004-இல் கிடைத்த மூன்றாவது கூட்டில், 55⁵ + 3183⁵ + 28969⁵ + 85282⁵ = 85359⁵ என்பதில், 55. எங்கே தேடினாலும் பதினொன்று காவல் நிற்பதைக் காணலாம். இத்தகைய சல்லடைகளால்தான் தேடுவோர் வீண்வேலையைக் குறைத்துக்கொள்கின்றனர். பொறியின் விரைவு மட்டுமே போதாது.

ஐம்மடி வீழ்ந்த பிறகும் நான்மடி நின்றது. இலாண்டரும் பார்க்கினும் செல்பிரிட்சு என்பவரோடு சேர்ந்து 1967-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்மடிகளை 2,20,000 வரை தேடியும் எதுவும் சிக்கவில்லை. அங்கேனும் ஆய்லர் சொன்னது சரியாயிருக்கும் என்று எண்ண இடமிருந்தது. அவ்வாறு எண்ணியோர்க்கு 1988-இல் விடை வந்தது. தந்தவர் ஆர்வர்டின் நோவாம் எல்கீசு. ஐம்மடிக் கூற்று கவிழ்ந்த 1966-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அவர் கண்டது:

26,82,440⁴ + 1,53,65,639⁴ + 1,87,96,760⁴ = 2,06,15,673⁴

இஃது எண்ணெண்ணாய்த் துழாவிக் கண்டதன்று. அவர் வழியைச் சுருங்கச் சொல்லலாம். கூட்டை முழுதும் வலப்புற நான்மடியால் வகுத்துவிட்டால், நான்மடிகள் கூடி ஒன்றாகும் மூன்று பின்ன எண்களைத் தேடும் வேலையாக அது மாறும். அத்தகைய மூன்று எண்கள் வெளியில் ஒரு பரப்பை உருவாக்கும். அப்பரப்பின்மேல் பின்ன எண்களால் ஆன புள்ளி ஏதேனும் உண்டா என்பதே வினா. பரப்பைக் கத்தியால் அரிவது போல் அரிந்தால் வளைகோடுகள் கிடைக்கும். எவ்வாறு அரிவது என்பதற்குச் சோவியத்து நாட்டின் தெம்யானெங்கோ 1973-இலேயே வழிவகுத்திருந்தார். பல வளைகோடுகளில் புள்ளி இருக்கவே இயலாது என்று சல்லடை சொல்லிவிடும். அவற்றை எல்கீசு தள்ளினார். எஞ்சிய ஒன்றில் கணிப்பொறியைத் தேடவிட்டார், புள்ளி கிடைத்தது. இவ்வகை நீள்வட்ட வளைகோடுகளுக்கு ஓர் அரிய பண்பு உண்டு: தெரிந்த புள்ளிகளின் வழியே கோடு வரைந்து அதே கோட்டில் புதிய புள்ளியைப் பெறலாம், அதிலிருந்து இன்னொன்று. அதனால் எல்கீசு ஒரு கூட்டோடு நிற்கவில்லை. இத்தகைய கூட்டுகள் எண்ணிறந்தன என்பதையும் மெய்ப்பித்தார். ஒன்றுகூட இல்லை என்று ஆய்லர் கருதிய இடத்தில் முடிவற்றவை இருந்தன.

எல்கீசு கண்டது மிகச் சிறியதா என்னும் வினா எஞ்சியது. பல செயலிகள் ஒரே வேளையில் உழைக்கும் கணிப்பொறிகளில் உரோசர் பிரை என்பவர் ஏறத்தாழ நூறு மணி நேரம் தேடி, மிகச் சிறிய கூட்டைக் கண்டார்:

95,800⁴ + 2,17,519⁴ + 4,14,560⁴ = 4,22,481⁴

1967-இல் தேடியவர்கள் நின்ற இடம் 2,20,000. அதைப் போல் இருமடங்கு தொலைவு, 4,40,000 வரை, சென்றிருந்தால் கைக்கு அகப்பட்டிருக்கும். 'இவ்வளவு தேடியும் காணவில்லை' என்னும் சொல்லுக்கு எவ்வளவு நிறை உண்டென்பதற்கு இதனினும் நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

இவ்விரண்டு கூட்டுகளின் இடப்பக்கத்தையும் மறுமுறை பாருங்கள். இரண்டிலும் இரண்டிரண்டு எண்கள் சுழியில் முடிகின்றன. ஐந்தால் வகுபடாத எண்ணின் நான்மடியை ஐந்தால் வகுத்தால் மீதி எப்போதும் ஒன்று. வகுபடும் எண்ணாயின் சுழி. பொதுக்கூறு இல்லாத கூட்டில் வலப்புறத்து மீதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும்; ஆகவே இடப்பக்கத்து மூன்றில் இரண்டு ஐந்தால் வகுபட்டாக வேண்டும். இரட்டை, ஒற்றை பற்றியும் இதே வகை ஆய்வு செய்தால் மூன்றில் இரண்டு இரட்டைப்படை என்பது விளங்கும். முன்பே சொல்லப்பட்டாற்போல, காவலர்கள் எங்கும் நிற்கின்றனர்.

ஆய்லரைக் கவிழ்த்த அதே இலாண்டரும் பார்க்கினும் செல்பிரிட்சும் 1967-இல் தாமே ஒரு புதிய கருதுகோளை முன்வைத்தனர். இருபுறத்து உறுப்புகளின் தொகை மடியின் எண்ணுக்குக் குறையாது என்பது அது. ஐம்மடியில் நான்கும் ஒன்றும் ஐந்து. நான்மடியில் மூன்றும் ஒன்றும் நான்கு. இதுவரை கிடைத்தவை யாவும் அதற்கு உட்பட்டே நிற்கின்றன. அதற்கும் இன்றுவரை மெய்ப்பில்லை, மறுப்பும் இல்லை.

ஆறாம் மடிதான் எல்லாவற்றினும் புதிரானது. ஏழாம் மடியில் ஏழு உறுப்புகள் கொண்ட கூட்டு 1999-இல் கிடைத்தது. அதன் கூட்டுத்தொகை 568-இன் ஏழாம் மடி. எட்டாம் மடியில் எட்டு உறுப்புகள் கொண்டது 2000-இல் கிடைத்தது. அதன் கூட்டுத்தொகை 1409-இன் எட்டாம் மடி. ஆறாம் மடிக்கோ, ஆய்லர் போதும் என்று கருதிய ஆறு உறுப்புகளால் ஆன கூட்டுக்கூட ஒன்றேனும் காணப்படவில்லை. பல நூறாயிரம் வரை தேடியாயிற்று. ஐந்தாலும் இல்லை, நான்காலும் இல்லை. கையில் இருப்பது 1967-இல் அம்மூவரும் கண்ட ஏழு உறுப்புக் கூட்டுத்தான்:

74⁶ + 234⁶ + 402⁶ + 474⁶ + 702⁶ + 894⁶ + 1077⁶ = 1141⁶

இதனினும் குறைந்த உறுப்புகளால் ஓர் ஆறாம் மடியை ஆக்க இயலுமா, இயலாதா என்பதை இன்றுவரை ஒருவரும் மெய்ப்பித்திலர்.